அன்றைக்கு வரவேண்டாத ஏழு பேர்

என்னைப் பள்ளி மேலாண்மைக் குழுவுக்குத் தலைவராகத் தேர்ந்தெடுத்த அன்று நான் பள்ளிக்குப் போனது தைத்த ஜாக்கெட் ஒன்றைக் கொடுத்துவிட்டு வருவதற்காகத்தான். மயிலாப்பூரில் எங்கள் தெருக்கோடியில் இருக்கும் மாநகராட்சித் தொடக்கப்பள்ளி அது. ஐந்து வகுப்புகள், இரண்டு ஆசிரியைகள், ஒரு தலைமை ஆசிரியை. என் மகள் அங்கே மூன்றாம் வகுப்பு படித்தாள். நான் வீட்டில் மிஷின் போட்டு ஜாக்கெட் தைப்பவள். தலைமை ஆசிரியைக்கும் நான்தான் தைப்பேன்.

உள்ளே பெற்றோர்கள் குட்டை பெஞ்சுகளில் முழங்காலை மடக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். குழுவுக்குத் தலைவராகப் பெற்றோரில் ஒருவர் வேண்டும் என்று கேட்டபோது எல்லோரும் தரையைப் பார்த்தார்கள். நான் பையோடு வாசலில் நின்றேன். தலைமை ஆசிரியை என்னைப் பார்த்துவிட்டார்.

"இவங்க வீடு பக்கத்துல. வேலையும் வீட்லதான். பன்னண்டாவது வரைக்கும் படிச்சிருக்காங்க. வேற யாரு வேணும்?"

கை தட்டிவிட்டார்கள். துணைத் தலைவராக, கடலோரக் குப்பத்திலிருந்து வரும் மீன்கார அக்காவைப் போட்டார்கள். அவருடைய மகளும் என் மகளும் ஒரே பெஞ்சு. "மாசத்துக்கு ஒரு கூட்டம், ஒரு கையெழுத்து. அவ்ளோதான்" என்றார் தலைமை ஆசிரியை. நானும் நம்பினேன்.

முதல் மூன்று கூட்டமும் கையெழுத்தோடு முடிந்தன. நாலாவது கூட்டத்தில் அந்த நம்பிக்கை போயிற்று. மழைக்காலம் தொடங்கியிருந்தது. ஜன்னலை மூடிவிட்டு, லைட்டைப் போட்டுக்கொண்டு தலைமை ஆசிரியை சொன்னார்: பிள்ளைகளின் எண்ணிக்கை ரொம்பக் குறைந்துவிட்டது. இரண்டு வாரத்தில் ஓர் அதிகாரி வந்து ஒவ்வொரு பிள்ளையையும் வாசிக்கச் சொல்லிப் பார்ப்பார். அதுவும் மோசமாக இருந்தால், அடுத்த வருஷம் இந்தப் பள்ளியை மெயின் ரோட்டுக்கு அந்தப் பக்கம் இருக்கும் பெரிய பள்ளியோடு சேர்த்துவிடுவார்கள் என்று பேச்சு.

"சேர்க்கறதுன்னா?" என்று ஒரு அம்மா கேட்டார்.

"இதை மூடிடுவாங்க. பிள்ளைங்க அங்க போகணும்."

எல்லோரும் திரும்பி என்னைப் பார்த்தார்கள். அப்போதுதான் தலைவர் என்றால் என்னவென்று எனக்குப் புரிந்தது. எதற்கும் பதில் தெரியாவிட்டாலும் எல்லோரும் பார்க்கிற ஆள். எழுந்து ஏதாவது சொல்ல வேண்டும் என்று தோன்றியது. "பார்ப்போம்" என்றேன்.

அன்று மாலை மகளைப் பக்கத்தில் உட்காரவைத்துத் தமிழ்ப் புத்தகத்தை எடுக்கச் சொன்னேன். என் மகளைப் பற்றி எனக்குக் கவலையே இருந்ததில்லை. தினமும் அவள் உரக்கப் படிக்க, அதைக் கேட்டுக்கொண்டே நான் ஊக்கு தைப்பேன். அன்றும் கிளிக்கும் அணிலுக்கும் நடந்த சண்டையை ஏற்ற இறக்கத்தோடு படித்தாள். அன்றைக்கு என் கையில் தையல் இல்லை. அதனால்தான் அவள் விரலைப் பார்த்தேன். வாய் கிளி என்று சொன்னபோது விரல் குளம் என்ற சொல்லின் மேல் இருந்தது. பக்கத்தைத் திருப்பும்போது இரண்டு தாள் சேர்ந்து புரண்டது. அவள் நிறுத்தவில்லை. அந்தப் பக்கத்தில் இல்லாத கதையை அப்படியே சொல்லிக்கொண்டே போனாள்.

பூ கட்டி வந்த செய்தித்தாள் துண்டு ஒன்று அலமாரியில் கிடந்தது. அதை எடுத்து நீட்டினேன். "இதைப் படி."

பார்த்தாள். உதட்டை அசைத்தாள். "க" என்றாள். பிறகு என் முகத்தைப் பார்த்தாள்.

அடிக்கக் கை ஓங்கிவிட்டேன். அடிக்கவில்லை. ஆனால் அவள் தோளைக் குறுக்கிக்கொண்டதை நான் பார்த்தேன். மூன்று வருஷமாக அவள் சொன்ன கதையைத்தான் கேட்டிருக்கிறேன், அவள் படித்ததை ஒரு நாளும் கேட்டதில்லை.

என் கணவர் தி.நகரில் ஒரு ஜவுளிக்கடை குடோனில் வேலை பார்க்கிறார். வந்ததும் சொன்னேன். செருப்பைக் கழற்றாமலேயே நின்று கேட்டார்.

"பிரைவேட்ல போடலாம்னு நான் அப்பவே சொன்னேன். நீதான் பக்கத்துல கீது, பக்கத்துல கீதுன்ன. இப்ப நீ அந்த ஸ்கூலுக்குத் தலைவர் வேற."

நான் மிஷினில் போய் உட்கார்ந்தேன். அன்று தைத்த ஜாக்கெட்டில் ஒரு கையைத் திருப்பி வைத்துத் தைத்திருந்தேன். பிரித்து மறுபடி தைத்தேன். மறுபடியும் அதே தப்பு.

மறுநாள் காலை மணி அடிப்பதற்கு முன்னாலேயே தலைமை ஆசிரியையின் அறையில் போய் நின்றேன். கோபமாகப் பேச வேண்டும் என்று வழியெல்லாம் வார்த்தைகளைச் சேர்த்து வைத்திருந்தேன். அவர் ஐந்தாம் வகுப்புக்குக் கணக்குப் போட்டுக்கொண்டே, நாலாம் வகுப்பின் நோட்டுகளைத் திருத்திக்கொண்டிருந்தார். கண்ணுக்குக் கீழே கருத்துப் போயிருந்தது.

"மூணாம் கிளாஸ் டீச்சரை ஆடி மாசத்துலேயே வீடு வீடாப் போய் விவரம் எடுக்கற வேலைக்குக் கூட்டிட்டுப் போயிட்டாங்கம்மா. இன்னும் அனுப்பல. மிச்சம் இருக்கிற ஒரு டீச்சர்கிட்ட மூணு கிளாஸ், எங்கிட்ட ரெண்டு. நான் ஆபீசுக்குக் கடிதாசி எழுதுவேனா, பாடம் எடுப்பேனா, சத்துணவைப் பார்ப்பேனா?"

சேர்த்து வைத்திருந்த வார்த்தைகள் எதுவும் அப்போது உதவவில்லை. நான் உட்கார்ந்தேன். அவர் கதவைப் பார்த்துவிட்டு, மேசை இழுப்பறையிலிருந்து மடித்த தாள் ஒன்றை எடுத்து என் கையில் கொடுத்தார்.

"நீங்க தலைவர். உங்ககிட்டதான் சொல்ல முடியும். அதிகாரி வர்ற அன்னிக்கு, மூணாம் கிளாஸ்ல வாசிக்க வராத இந்த ஏழு பேரும் வரலேன்னா பள்ளிக்கு நல்லது. அவங்க அம்மாங்ககிட்ட நீங்களே பக்குவமா சொல்லிடுங்க."

பிரித்தேன். நீல மையில் வரிசையாக ஏழு பெயர். மூன்றாவது பெயர் என் மகளுடையது.

நான் நிமிர்ந்து பார்த்தபோது அவர் ஜன்னல் பக்கம் திரும்பியிருந்தார். அவருக்கு முன்னமே தெரிந்திருக்கிறது. மாதாமாதம் எனக்கு ஜாக்கெட் அளவு சொல்லும்போது தெரிந்திருக்கிறது. "சொல்லியிருக்கலாமே மேடம்" என்றேன்.

"சொல்லி? வேற ஸ்கூலுக்குக் கூட்டிட்டுப் போயிருப்பீங்க. போன வருஷம் ஒன்பது பேர் அப்படித்தான் போனாங்க."

தாளை மடித்து, அளவு எழுதும் நோட்டுக்குள் வைத்துக்கொண்டு வந்தேன். மூன்று நாள் யாரிடமும் சொல்லவில்லை. மிஷினில் உட்கார்ந்தால் ஊசி ஓடுவதற்குப் பதில் அந்த ஏழு பேர்தான் ஓடினார்கள். பள்ளி விடும் நேரத்துக்கு வாசலில் போய் நின்று, அந்தப் பிள்ளைகள் வெளியே வருவதைப் பார்ப்பேன். சாதாரணமாகத்தான் வருவார்கள். ஒருவனை ஒருவன் தள்ளிக்கொண்டு, தண்ணீர் பாட்டிலைச் சுழற்றிக்கொண்டு.

நான்காம் நாள் மீன்கார அக்காவைத் தேடிப் போனேன். பட்டியலில் ஐந்தாவது அவர் மகள். மத்தியான வியாபாரம் முடிந்து, பலகையைக் கழுவிக்கொண்டிருந்தார். சுற்றி வளைக்காமல் சொல்லிவிட்டேன். அவர் கையிலிருந்த தண்ணீர்க் குவளையை அப்படியே கீழே வைத்தார்.

"இன்னாது? என் பொண்ணு ஸ்கூலுக்கு வரக்கூடாதா? படிக்கத் தெரியலன்னுதானே ஸ்கூலுக்கே அனுப்புறோம். தெரிஞ்சா நான் ஏன் அனுப்பப் போறேன்?"

"என் பொண்ணு பேரும் கீது அக்கா."

அவர் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்தார். அந்தக் கோபம் வடிந்ததும் வந்தது வேறொன்று.

"தோ பாரு. நான் நாலு மணிக்கே ஏலத்துக்குப் போயிடுறேன். அவரு கடல்ல. பொண்ணு தானா எழுந்து, தானா ஜடை போட்டுக்கினு, தானா நடந்து போவுது. தெருவுக்குள்ளயே பூந்து போயிடும்னுதான் தெகிரியமா வுடுறேன். அந்தாண்ட பள்ளிக்கூடம்னா யாரு கூட்டிக்கினு போறது?"

அந்த வழியை ஒருமுறை நடந்து பார்த்துவிடலாம் என்று முடிவு செய்தோம். மறுநாள் காலை, பள்ளி நேரத்துக்கு, இரண்டு பிள்ளைகளையும் ஆளுக்கொரு கையில் பிடித்துக்கொண்டு கிளம்பினோம். மெட்ரோ வேலைக்காக மெயின் ரோட்டை நடுவில் தகரம் அடித்து மறைத்திருந்தார்கள். நடைபாதை கிடையாது. தகரத்துக்கும் பஸ்ஸுக்கும் நடுவில் ஓர் ஆள் ஒடுங்கி நடக்கலாம். கடக்கிற இடம் போன வாரம் இருந்த இடத்தில் இல்லை. இன்னும் தள்ளிப் போட்டிருந்தார்கள். ஆட்டோக்காரர்கள் எதிர்த் திசையிலும் வந்தார்கள். நாங்கள் பாதி கடந்தபோது ஒரு தண்ணீர் லாரி நிற்காமல் திரும்பியது. அக்கா என் மகளின் சட்டையைப் பின்னாலிருந்து பிடித்து இழுத்த இழுப்பில் காலர் பித்தான் தெறித்துப் போனது. டிரைவர் எட்டிப் பார்த்து, "சாவுறதுக்கு வேற எடம் கெடைக்கலியா?" என்று கத்திவிட்டுப் போனான்.

ஓரத்துக்கு வந்ததும் நான்கு பேரும் அப்படியே நின்றோம். பிள்ளைகள் அழவில்லை. அக்கா இருவரையும் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.

"வேணாம்மா" என்றார். "ஒரு நாள் வூட்ல குந்திக்கினு இருந்தா ஸ்கூலு நிக்கும்னா, குந்திக்கினு இருக்கட்டும்."

அதற்குப் பிறகு எனக்கு எது சரி, எது தப்பு என்ற யோசனையே இல்லை. பஸ் சக்கரத்தின் உயரம்தான் கண்ணில் நின்றது. அன்று மாலையே மற்ற ஐந்து வீடுகளுக்கும் போய்ச் சொன்னேன். நாலு அம்மாக்கள் சரி என்றார்கள். ஒருத்தி மட்டும், "என் பையன் அவ்ளோ மக்கா, அக்கா?" என்று கேட்டு அழுதாள். அவளுக்கு ஆறுதல் சொல்ல எனக்கு என்ன அருகதை இருக்கிறது என்று தோன்றியது. இருந்தும் சொன்னேன்.

அதிகாரி வரும் நாள் காலை என் மகள் எப்போதும்போல் குளித்துவிட்டு, சீருடை போட்டுக்கொண்டு வந்து நின்றாள்.

"இன்னிக்குப் போவேணாம்மா. உனக்கு ஒடம்பு சரியில்ல."

நெற்றியைத் தொட்டுப் பார்த்துக்கொண்டாள். "சூடா இல்லியே."

"நான் சொல்றேன்ல."

சீருடையைக் கழற்றாமல் சுவரோரம் போய் உட்கார்ந்தாள். கொஞ்ச நேரம் கழித்து, "அவளும் வரமாட்டாளா?" என்று பெஞ்சுத் தோழியைப் பற்றிக் கேட்டாள். வரமாட்டாள் என்றேன். "அப்ப படிக்கத் தெரியாதவங்க யாரும் வரமாட்டாங்க" என்றாள், கணக்குக்கு விடை சொல்வதுபோல.

நான் மிஷினை மிதித்துக்கொண்டே இருந்தேன். துணியே வைக்காமல் மிதித்துக்கொண்டிருந்தேன் என்பது நூல் சிக்கியபோதுதான் தெரிந்தது.

பதினோரு மணி இருக்கும். பள்ளியின் ஆயா ஓடிவந்தார். "தலைவரைக் கூப்புடுறாங்க. சீக்கிரம் வா."

அதிகாரி என்றதும் நான் ஒரு வயதான மனிதரை நினைத்திருந்தேன். வந்திருந்தது என் வயதுப் பெண். மூன்றாம் வகுப்பில் பிள்ளைகளோடு தரையில் உட்கார்ந்திருந்தார். மடியில் வருகைப் பதிவேடு. தலைமை ஆசிரியை பக்கத்தில் நின்றுகொண்டிருந்தார். நான் தைத்த மெரூன் ஜாக்கெட்தான் போட்டிருந்தார்.

"வாங்கம்மா. நேத்து வரைக்கும் வந்துட்டிருந்த ஏழு பிள்ளைங்க இன்னிக்கு ஒட்டுமொத்தமா வரலையே. ஏன்னு உங்களுக்குத் தெரியுமா?"

தலைமை ஆசிரியை என்னைப் பார்க்கவில்லை. "காய்ச்சல் மேடம்" என்றேன்.

"ஏழு பேருக்குமா?"

"ஆமா. மழை இல்லியா."

அவர் முகம் மாறியது. நான் பயந்த மாதிரி சந்தேகமாக மாறவில்லை, கவலையாக மாறியது. "ஏழு பிள்ளைங்க, ஒரே பள்ளி, ஒரே நேரத்துல காய்ச்சல். டெங்குவா இருக்கப்போகுது. ஏன் யாரும் சொல்லல?" என்று சொல்லிக்கொண்டே எழுந்து போனை எடுத்தார். மண்டல சுகாதாரப் பிரிவுக்குச் சொல்லி, இப்போதே தெருவுக்கு ஆள் அனுப்பி, வீடு வீடாகப் போய் ரத்தம் எடுக்கச் சொல்லப் போவதாகச் சொன்னார்.

ஊசியோடு ஆட்கள் வந்து ஏழு கதவைத் தட்டுவதும், அந்தந்த அம்மாக்கள் விழிப்பதும், நல்ல உடம்போடு என் மகள் சுவரோரம் சீருடையில் உட்கார்ந்திருப்பதும் எனக்கு ஒன்றாகத் தெரிந்தது. போன் மறுமுனையில் மணி அடிப்பது எனக்கே கேட்டது.

"வேணாம் மேடம்" என்றேன். "யாருக்கும் காய்ச்சல் இல்ல. நான்தான் அனுப்ப வேணாம்னு வீடு வீடாப் போய்ச் சொன்னேன். அதுங்களுக்குப் படிக்கத் தெரியாது. அதுல ஒண்ணு என் பொண்ணு."

பட்டியல் யார் எழுதியது என்று நான் சொல்லவில்லை. அதிகாரி போனை நிறுத்தினார். அப்போது தலைமை ஆசிரியையின் குரல் கேட்டது.

"அவங்களாச் சொல்லல மேடம். சொல்லச் சொன்னது நான். பேர் எழுதிக் கொடுத்ததும் நான்."

அதிகாரி எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். திட்டுவார் என்று காத்திருந்தேன். "கூட்டிட்டு வாங்க" என்றார். "ஏழு பேரையும். நான் காத்திருக்கேன்."

நான் ஓடினேன். தூறல் போட்டுக்கொண்டிருந்தது. ஒருவன் குளிக்காமல் டவுசரோடு இருந்தான், அப்படியே வந்தான். இன்னொரு பெண் தம்பியை இடுப்பில் வைத்திருந்தாள், தம்பியோடு வந்தாள். மீன்கார அக்காவின் மகளைக் கடலோரத்தில் வலைக்குப் பக்கத்தில் கண்டுபிடித்தேன். என் மகள் மட்டும் தயாராக இருந்தாள்.

ஏழு பேரும் வாசித்தார்கள். வாசித்தார்கள் என்று சொல்லக்கூடாது. எழுத்துகளைத் தடவித் தடவிப் பார்த்தார்கள். சிலருக்கு உயிரெழுத்து தெரிந்தது, கொம்பும் காலும் வந்தால் குழம்பினார்கள். அதிகாரி ஒவ்வொருவருக்கும் தண்ணீர் குடிக்க நேரம் கொடுத்து, கடைசியில் எதையோ எழுதினார். என்ன எழுதினார் என்று கேட்க எங்கள் யாருக்கும் துணிவில்லை. கிளம்பும்போது என்னிடம் ஒன்று மட்டும் சொன்னார்:

"ஆசிரியர் இல்லைங்கறதை நீங்க எழுத்துல எங்கயும் சொல்லவே இல்லையேம்மா. தீர்மான நோட்டுல எல்லா மாசமும் 'எல்லாம் சிறப்பு'ன்னு இருக்கு. உங்க கையெழுத்தும் இருக்கு."

அது உண்மை. படிக்கத் தெரிந்தவள் நான். கையெழுத்துப் போடுவதற்கு முன் ஒரு தடவைகூடப் படித்ததில்லை.

அந்த வெள்ளிக்கிழமைக் கூட்டத்துக்கு வழக்கத்தைவிடக் கூடுதலாக ஆட்கள் வந்தார்கள். பாதிப்பேர் என்னைத் திட்ட வந்தவர்கள். "உன்னாலதான் ஸ்கூலு மூடப் போறாங்க" என்று ஒருவர் முகத்துக்கு நேராகவே சொன்னார். இருக்கலாம் என்றுதான் எனக்கும் பட்டது. மீன்கார அக்கா எழுந்து, "திட்றதெல்லாம் அப்புறம். டீச்சரு வேணுமா வேணாமா, அத்தச் சொல்லு" என்றார். தீர்மானத்தை நானே எழுதினேன். மூன்றாம் வகுப்பு ஆசிரியையைத் திருப்பி அனுப்ப வேண்டும். மெயின் ரோட்டைச் சிறு பிள்ளைகள் கடக்க முடியாது, நாங்கள் நடந்து பார்த்தோம். ஏழு பிள்ளைகளுக்கு வாசிக்கத் தெரியாது. கடைசி வரியை எழுதும்போது தலைமை ஆசிரியை என் பேனாவையே பார்த்துக்கொண்டிருந்தார். எழுதி முடித்ததும் முதல் கையெழுத்தை அவர்தான் போட்டார்.

பிறகு காத்திருந்தோம். மழை விட்டது, மார்கழி வந்தது. பள்ளியிலிருந்து போன் வந்தால் மிஷினை நிறுத்திவிட்டு எழுந்து நிற்பேன். தலைமை ஆசிரியைக்கு விளக்கம் கேட்டுக் கடிதம் வந்தது என்று கேள்விப்பட்டேன். அவரிடம் கேட்டேன். "அதை நான் பார்த்துக்கறேன்" என்று மட்டும் சொன்னார். அதன் பிறகு அவர் என்னிடம் ஜாக்கெட் தைக்கக் கொடுக்கவில்லை.

பொங்கல் கழித்து ஆசிரியை திரும்பி வந்தார். இந்த ஏழு பேரையும் பள்ளி முடிந்து ஒரு மணி நேரம் தனியாக வைத்துக்கொண்டார். வீட்டில் நானும் மகளோடு உட்கார்ந்தேன். கதை சொல்லவிடாமல், எழுத்து எழுத்தாக. சில நாள் இருவரும் அழுதோம். ஒருநாள் அவள் பென்சிலை உடைத்து எறிந்தாள். என் கணவர் எடுத்துச் சீவிக் கொடுத்துவிட்டு, பிரைவேட் பற்றி ஒன்றும் சொல்லாமல் போய்ப் படுத்துக்கொண்டார்.

மாசி மாதக் கடைசியில் அதே அதிகாரி மறுபடியும் வந்தார். இந்த முறை எல்லோரும் வந்திருந்தார்கள். பெற்றோர் உள்ளே வரக்கூடாது என்றதால் நான் வராந்தாவில் ஜன்னலுக்குப் பக்கத்தில் நின்றேன். தலைமை ஆசிரியையும் வெளியே வந்து, இரண்டு கை தள்ளி நின்றார்.

என் மகளின் முறை வந்தது. அவள் இதுவரை பார்த்திராத தாள். முதல் வரியைக் கடந்தாள். இரண்டாவது வரியில் ஒரு சொல்லில் நின்றாள். நான் ஜன்னல் கம்பியைப் பிடித்தேன். அந்தச் சொல் என்னவென்று தெரிந்திருந்தால் ஜன்னல் வழியாகக் கத்தியே இருப்பேன். பக்கத்தில் பார்த்தால் தலைமை ஆசிரியையும் கம்பியைப் பிடித்திருந்தார்.

"நெ... நெரு... நெருப்பு" என்றாள் என் மகள்.

தலைமை ஆசிரியை மூச்சை விட்டார். என்னைப் பார்க்காமலேயே, "கொம்பு வந்தா அவளுக்கு எப்பவும் கஷ்டம்" என்றார்.

ஏழில் ஐந்து பேர் பத்தியை முடித்தார்கள். மீன்கார அக்காவின் மகள் பாதியில் நின்றுவிட்டாள். இன்னொரு பையன் அதற்கும் முன்னால். அக்கா கேட்டுவிட்டு, "பாதி வந்துச்சா? போன வாட்டி அதுகூட இல்லியே" என்றார்.

வெயில் ஏறத் தொடங்கிய ஒரு நாள் கடிதம் வந்தது. பெரிய பள்ளியோடு இணைப்பதைப் பற்றி ஒரு வருஷம் கழித்து மறுபடி பார்க்கப்படும் என்று இரண்டே வரி. மூடவில்லை, மூடமாட்டோம் என்றும் சொல்லவில்லை. கூட்டத்தில் அதை நான்தான் படித்துக் காட்டினேன். யாரும் கை தட்டவில்லை. அடுத்த வருஷம் ஒன்றாம் வகுப்புக்கு யார் வீட்டில் பிள்ளை இருக்கிறது என்று தெருத்தெருவாகப் போய்க் கேட்க வேண்டும் என்று முடிவெடுத்தோம். குப்பத்துப் பக்கம் அக்கா, கோயில் குளத்துப் பக்கம் நான். முதல் வீட்டுக் கதவைத் தட்டியபோது ஒரு இளம் தாய் குழந்தையோடு வந்து, "அங்க நல்லா சொல்லித் தர்றாங்களா?" என்று கேட்டாள்.

உள்ளதைச் சொன்னேன். சொல்லி முடிக்கக் கொஞ்ச நேரம் ஆனது. அவள் கதவைச் சாத்தவில்லை. யோசித்துச் சொல்வதாகச் சொன்னாள்.